ஏனைய விடயங்கள்

எங்கள் வட்டாரத்துப் பிரதேச சபை மெம்பர் விடிய ஆறரைக்கெல்லாம் தொலைபேசியில் குரற்பதிவு அனுப்பிவிடுவா. "அன்பான உறவுகளே, வணக்கம்" என்று தொடங்கும். முதலில் சபைக் கூட்டம் நடந்த விதம், பிறகு வீதி விபரம். இந்த ஒழுங்கையைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதாவது ரி.ஓ., வந்து அளந்துவிட்டார். அந்த வீதிக்கான முன்மொழிவு மாகாணத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது வீதி தொடர்பாக எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, அதனால் நினைவூட்டல் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. முடிவில், "உங்கட கருத்துகளையும் சொல்லுங்கோ" என்பா. கருத்துகள் வரும். கைகூப்பிய படம், ரோசாப்பூ, "நன்றி அக்கா". யாராவது ஒருவர் மட்டும் "எங்கட ஒழுங்கை எப்ப?" என்று கேட்பார். அவருக்கும் ஒரு ரோசாப்பூ போகும்.

நான் தேத்தண்ணியும் கையுமாக இருந்து இதை ஒரு சொல் விடாமல் கேட்பேன். கிளிநொச்சியில் தபாற்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்து வாய்க்கால் கரைகளில் எதிலே சைக்கிள் புதையும், எதிலே வழுக்கும் என்பதை என் முழங்கால் இன்னும் மறக்கவில்லை. மெம்பருடைய தகப்பனுக்கும் பேரனாருக்கும் கடிதம் கொடுத்தவன் என்பதால் அவ எனக்குப் பிள்ளை, நான் அவவுக்கு மாமா. தபாற்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. உறையின் மேலே இருக்கிற விலாசத்தைச் சத்தம்போட்டு வாசிக்கலாம், உள்ளே இருப்பதை வெளியில் சொல்லக்கூடாது. ஆகவே எங்கள் ஒழுங்கையின் பெயரையோ, அது தங்களுடையது என்றும் தங்களுடையது அல்ல என்றும் மாறிமாறிச் சொல்லிவரும் காரியாலயங்களின் பெயர்களையோ இங்கே எழுதப்போவதில்லை. பென்சன்காரனுக்கு வீண்வம்பு எதற்கு?

எங்கள் பகுதியில் தண்ணீருக்குப் பிறகு வந்ததுதான் வீதி. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினார்கள். பிறகு வாய்க்கால் வெட்டினார்கள். அதன் பிறகுதான் குடாநாட்டில் காணியில்லாத ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். என் ஐயாவும் அப்படி வந்தவர்தான். வாய்க்கால் வெட்டிய மண்ணை ஒரு பக்கம் குவித்தார்கள். குவித்த மண்ணின்மேல் ஆள் நடந்தான், பிறகு மாடு, அதன் பிறகு வண்டில். ஒருநாள் பார்த்தால் அதுதான் வீதி. இன்றைக்கும் உருத்திரபுரத்தில் விலாசம் கேட்டால் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பார்கள். வேறு பக்கம் போனால் டி-5. வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த தபாலதிபர் ஒருவர், இவையெல்லாம் ஆட்கள் குடியிருக்கிற இடங்கள்தானா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் இருந்தது கிராமசபை. அதன் மெம்பர் வெள்ளை வேட்டியும் ரலி சைக்கிளுமாக வருவார். மாரிக்கு முன்னம் ஒருதரம், தேர்தலுக்கு முன்னம் ஒருதரம். சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு, "எங்கை உடைக்குது?" என்பார். கருத்துக் கேட்பது என்பதெல்லாம் அந்த மனிதருக்குத் தெரியாது. கேட்டது அந்த ஒரு கேள்விதான். ஊர் முழுக்க அவர் பின்னாலே நடக்கும். இந்த இடத்தில் போன மாரி கரை உடைத்தது, இந்த இடத்தில் வண்டில் தாண்டது, இந்த மூலையால் வெள்ளம் புகுந்து இன்னாருடைய நெல்லுக் கோர்க்காலியை நனைத்தது என்று பெடியன்கள் முன்னே ஓடி ஓடிக் காட்டுவோம். அவர் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டுவார். மோர் குடிப்பார். போய்விடுவார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. தலையாட்டிப் போனவர் ஆறு மாதத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். கிறவல் வராது. கடைசியில் ஊரே கூடிச் சிரமதானம் வைக்கும். ஆண்கள் வண்டிலில் கிறவல் ஏற்றிவர, பெண்கள் கஞ்சி காய்ச்ச, நாங்கள் கடகத்தில் மண் சுமப்போம். கரையில் வண்டில் விட்டதற்காக வட்டவிதானையார் வந்து கத்துவார். வாய்க்கால் கரை நீர்ப்பாசனத்துக்குச் சொந்தம், அதில் வண்டிற்சில்லு படக்கூடாது என்பது அவருடைய சட்டம். கிறவல் போட்டு முடிந்த பின்னேரம் மெம்பர் எப்படியோ மணம்பிடித்து வந்துசேருவார். தேங்காய் உடைப்பார். அடுத்த தேர்தல் நோட்டீசில் அந்த வீதி அவர் போட்ட வீதியாக அச்சாகியிருக்கும். கஞ்சி காய்ச்சினவர்களின் பெயர் எந்த நோட்டீசிலும் வந்ததில்லை.

1981இல் கிராமசபைகள் இல்லாமற்போயின. 1984இல் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 1987 ஏப்ரலில், 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் முகப்பைப் பிற்காலத்தில் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். உள்ளூர் நிர்வாகத்திலும் அபிவிருத்தியிலும் முடிவெடுக்கும்போது மக்கள் திறம்படப் பங்கெடுக்க இன்னும் கூடிய வாய்ப்புக் கொடுப்பதுதான் நோக்கம் என்று அதில் எழுதியிருக்கிறது. சபை உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் குழுக்களில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூட இடம் விட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் கரைச்சிக்கும் பூநகரிக்கும் பச்சிலைப்பள்ளிக்கும் சபை உறுப்பினரைத் தெரிவுசெய்ய மக்கள் முதன்முதலாக வாக்குப் போட்டது 2011 ஜூலை 23ஆம் திகதி. சாதாரண தபாலில் போட்ட கடிதம்கூட இருபத்து நாலு வருடம் சுணங்கி நான் கண்டதில்லை.

அந்த இடைவெளியில் வீதிகள் சும்மா கிடக்கவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. சீமெந்து இல்லை, பெற்றோல் இல்லை, மின்கலம் இல்லை. சொட்டுப் பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் சைக்கிளில் வருகிறவனுக்குத் தலையிடி வரும். உடைந்த மதகுகளுக்குக் குறுக்கே பனங்குற்றி அடுக்கி அதன்மேல் மண் போட்டோம். குண்டு விழுந்த கிடங்கை நிரப்பிய மண் மழைக்கு இறங்கும், திரும்பவும் நிரப்புவோம். திட்டமும் இல்லை, மதிப்பீடும் இல்லை. முக்கியமாக, பெயர்ப்பலகை இல்லை. 1996இல் ஆமி கிளிநொச்சிக்கு வந்ததும் ஊர் எழும்பி அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் போனது. ஊரோடு காரியாலயங்களும் போயின. 1998 செப்டெம்பருக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால் வீதிகளில் புல்லும் நாயுண்ணியும். பாதையைத் தெரிந்தவர்கள் வாய்க்காலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். வாய்க்கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

2002இல் சண்டை நின்று ஏ-9 பெருவீதி திறந்தது. அது ஒரு வேடிக்கையான காலம். வீதியில் அதிகாரம் ஒரு பக்கத்தினுடையது, அதே வீதியால் கச்சேரிக்குப் போகிற உத்தியோகத்தரின் சம்பளம் மற்றப் பக்கத்திலிருந்து வரும். நானும் அப்படிச் சம்பளம் எடுத்தவன்தான். இரண்டு பக்கமும் அளவெடுத்துப்போனார்கள். அளவெடுத்ததற்கு அப்பால் எங்கள் ஒழுங்கைக்கு ஒன்றும் வரவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 திரும்பவும் மூடியது. 2009 தொடக்கத்தில் இந்த ஊர் முழுக்கப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனதைப் பற்றி இந்தக் கதைக்குள் வைத்து எழுத எனக்கு மனமில்லை.

மீள்குடியேறி வந்தபோது அபிவிருத்தி எங்களுக்கு முன்னமே வந்து நின்றது. ஏ-9 சீனக் கடனில் காப்பெற் ஆனது. பூநகரியில் பாதையில் ஏறிக் கடல்நீரேரி கடந்த ஆட்களுக்கு 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் கிடைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரெயில் வந்தது. இவையெல்லாம் பெரிய விசயங்கள், குறை சொல்ல முடியாது. குளிரூட்டிய பஸ்ஸில் கண்ணயர்ந்தபடி கிளிநொச்சியைக் கடந்து போகிறவர்களுக்கு எங்கள் வீதியில் ஒரு குறையும் தெரியாது. பஸ்ஸால் இறங்கி வாய்க்கால் பக்கம் திரும்புகிறவனுக்குத்தான் தெரியும்.

உள்வீதிகளுக்குத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வடக்கின் வசந்தம் வந்தது. உலகவங்கிக் காசில் நெல்சிப் வந்தது. 2018, 2019 அளவில் கம்பெரலிய வந்தது. 2019 கடைசியில் ஆட்சி மாறியதும் ஒரு இலட்சம் கிலோமீற்றர் வந்தது. எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு: திட்டத்தின் பெயர், வீதியின் நீளம், மில்லியன் கணக்கு, நிதி தந்தவர், அமைச்சரின் சிரித்த முகம். வீதி பழுதாகும், ஆட்சி மாறும், பலகை நிற்கும். எங்கள் ஒழுங்கைத் தொங்கலில் ஒரு பலகை மூன்று ஆட்சி கண்டது. கடைசியில் அயல்வீட்டுக்காரர் அதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டுவிட்டார். இப்போதும் காலையில் அமைச்சரைத் திறந்துவிட்டால்தான் கோழிகள் வெளியே வரும்.

இந்தப் பிள்ளை மெம்பராக வந்தது 2018இல். பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தல். அந்தமுறை சட்டத்தை மாற்றி, சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வைத்துவிட்டார்கள். கட்சிகள் பெண்களைத் தேடி வீடுவீடாக வந்த ஒரே தேர்தல் அதுதான். மாதர் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருந்த குற்றத்துக்காக இவவின் பெயரையும் பட்டியலில் போட்டார்கள். "வெல்லமாட்டாய், பயப்படாதை" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்களாம். மேலதிகப் பட்டியலில் உள்ளே போய்விட்டா.

போன கையோடு என்னிடம் வந்தா. "மாமா, உங்களுக்குத்தானே எல்லா றோட்டும் தெரியும். ஒரு படம் கீறித் தாங்கோ." பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிக் கொடுத்தேன். எல்லா ஒழுங்கையும், எல்லா வாய்க்காலும், எல்லா மதகும். ஒரு கிழமையால் அதே தாளோடு திரும்பி வந்தா. தாள் முழுக்க நாலைந்து நிறத்துக் கோடுகள்.

வீதிக்குச் சாதி உண்டு என்பது எனக்கு அன்றுதான் வடிவாக விளங்கியது. ஏ, பி என்று எழுத்துப் போட்டவை வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. சி, டி மாகாணத்து வீதித் திணைக்களத்துடையவை. அதற்குக் கீழே மிஞ்சினவைதான் பிரதேச சபைக்கு. வாய்க்கால் கரையால் போனால் நீர்ப்பாசனம், வயலுக்குள்ளால் போனால் கமநல சேவை, பற்றைக்குள்ளால் போனால் வனவளம். ஒரே வீதியில் நேரே நடந்துபோகிற மனிதன் தனக்குத் தெரியாமல் ஒரு அமைச்சிலிருந்து இன்னொரு அமைச்சுக்குப் போய்வருகிறான்.

"அப்ப எங்கட ஒழுங்கை ஆற்றை, பிள்ளை?"

"ஏ-9 பக்கத்தில இருந்து பிள்ளையார் கோயில் மட்டும் எங்கட. கோயிலில இருந்து மதகடி மட்டும் வேற ஆக்களின்ர. மதகுக்கு அங்காலை திரும்ப எங்கட."

"மதகு?"

"அதைத்தான் மாமா கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறம்."

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இதிலே ஒரு நுட்பம் உண்டு. வீதி தங்களுடையது அல்ல என்று எழுதிக் கொடுக்க எந்தக் காரியாலயமும் தயங்கும், நாளைக்குக் காசு வந்தால் என்ன செய்வது? தங்களுடையதுதான் என்று எழுதிக் கொடுக்கவும் தயங்கும், நாளைக்கு மழை வந்தால் என்ன செய்வது? ஆகவே காற்றும் மழையும் காசும் ஒன்றும் வராத இடைக்காலத்துக்குப் பொருத்தமான ஒரு மௌனத்தைக் கடைப்பிடிப்பார்கள். எங்கள் பிள்ளை பாவம், அந்த மௌனத்தைத்தான் விடியற்காலையில் எங்களுக்குச் செய்தியாக வாசிக்கிறா. சபை உறுப்பினரின் கையில் இருப்பதே தெருவிளக்கும், நாலு ஒழுங்கையும், வடிகால் துப்புரவும்தான். காப்பெற் போடுகிற காசு கொழும்பில் இருக்கிறது. ஊரில் காப்பெற் வந்தால் மெம்பர் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். வராவிட்டால் ஏச்சு வாங்கலாம். இந்த இரண்டு அதிகாரமும் பூரணமாகப் பகிரப்பட்டிருக்கிறது.

கருத்தறியும் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. உறுப்பினர், ரி.ஓ., கிராம சேவையாளர், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் பரிபாலன சபை. வடையும் சோடாவும். எல்லோருக்கும் படிவம் கொடுத்தார்கள். முதல் நிரல் வீதியின் பெயர். பிறகு நீளம், அகலம், இப்போதைய நிலை மண்ணா கிறவலா தாரா, பயன்பெறும் குடும்பங்கள், பாடசாலையோ ஆஸ்பத்திரியோ இருந்தால் அது, முன்னுரிமை இலக்கம். எட்டாவது நிரல் ஏனைய விடயங்கள்.

முன்னுரிமை இலக்கம் என்ற இடத்தில் எல்லோரும் ஒன்று என்றே போட்டார்கள். ரி.ஓ. எழும்பி நின்று, "ஒரு வீதிக்குத்தான் ஒண்டு போடலாம், மற்றதுக்கு ரெண்டு, மூண்டு எண்டு போடுங்கோ" என்று விளங்கப்படுத்தினார். விளங்கியது. அதன் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஒழுங்கைக்கு ஒன்றும், மிச்ச ஊர் முழுவதுக்கும் இரண்டும் போட்டார்கள். நானும் அப்படித்தான். மக்கள் பங்களிப்பு என்று புத்தகத்தில் வாசிக்கும்போது அழகாக இருக்கும். கையில் பேனையைத் தந்தால் அவனவன் தன் படலையடியைத்தான் எழுதுவான். அதைக் குறை சொல்லவும் முடியாது. அவன் மழைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இடம் அந்தப் படலையடி.

அப்போது பின்வரிசையிலிருந்து ஆச்சி ஒருவர் கையை உயர்த்தினா. எங்கள் ஒழுங்கைக்காரிதான், வெற்றிலை வாய். "தம்பி, றோட்டை உயர்த்தாதேங்கோ. உயர்த்திறதெண்டால் முதல் மதகைப் போடுங்கோ."

ரி.ஓ. நல்ல பெடியன். "ஆச்சி, உயர்த்தினால்தானே வெள்ளம் நிக்காது?"

"றோட்டில நிக்காது. வீட்டில நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. எங்கள் நிலம் தெற்கே இரணைமடுப் பக்கம் உயர்ந்து, வடக்கே ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கம் சரிந்து கிடக்கிறது. மாரித் தண்ணீர் முழுக்கத் தெற்கிலிருந்து வடக்கே போகும். எங்கள் ஒழுங்கையோ கிழக்கு மேற்காகக் குறுக்கே படுத்திருக்கிறது. அதை ஒன்றரை அடி உயர்த்திவிட்டு மதகு வைக்காவிட்டால் அது வீதியாக இராது, அணைக்கட்டு ஆகிவிடும். இதைச் சொல்ல ஆச்சிக்குப் பொறியியல் தேவைப்படவில்லை. அறுபது வருடமாக அந்தத் தண்ணீர் அவவின் முற்றத்தால்தான் போகிறது. படிவத்தில் நீளத்துக்கு இடம் இருந்தது, அகலத்துக்கு இடம் இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகும் என்பதற்கு மட்டும் இடமில்லை. ஆகவே அவவின் பேச்சை எட்டாவது நிரலில், "வடிகால் தொடர்பாக ஒரு கருத்துத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டார்கள்.

வீதி உயர்ந்தது. அழகான கிறவல் வீதி, இரண்டு பக்கமும் கரை கட்டி. மதகுக்கான மதிப்பீடு தனியாகப் போயிருப்பதாகக் குரற்பதிவில் கேட்டோம். படத்தில் ஒரு மண்வெட்டியை ஏழு பேர் பிடித்திருந்தார்கள்.

அந்த வருடமே, 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு மழை கொட்டியது. இரணைமடு நிரம்பிக் கதவுகள் திறபட்டன. விடிந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான சனம் பாடசாலைகளில் இருந்தது. எங்கள் ஒழுங்கையின் தென்பக்க வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். வடபக்கத்து முற்றங்களில் கோலம்கூட அழியவில்லை. நடுவில் புதுவீதி, ஒரு சேதமும் இல்லாமல், படத்தில் நின்றது போலவே நின்றது. அடுத்த இரவு யாரோ வீதியை வெட்டிவிட்டார்கள். நாலு முழ அகலத்தில், நல்ல நேர்த்தியான வெட்டு. தண்ணீர் இரைந்துகொண்டு வடக்கே போனது. வெட்டியது யார் என்று விசாரிக்க வந்த உத்தியோகத்தருக்கு ஊர் முழுவதும் தேத்தண்ணி கொடுத்தது, பெயர் மட்டும் கொடுக்கவில்லை. எனக்கும் தெரியாது. எங்கள் வட்டாரத்தில் மக்கள் கருத்து மண்வெட்டியால் தெரிவிக்கப்பட்டது அந்த ஒருமுறைதான். பலன் கண்டதும் அந்த ஒருமுறைதான். வெள்ளம் வடிந்த பிறகு, வெள்ளப் பாதிப்பைச் சீர்செய்யும் வேலையில் அந்த வெட்டைக் கிறவல் போட்டு மூடினார்கள். மதகு வைக்காமல்.

2022இல் டீசலும் இல்லை, தாரும் இல்லை, கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கக் காசும் இல்லை. நாடு முழுக்கக் கிண்டிய வீதிகள் கிண்டியபடி கிடந்தன. பெற்றோலுக்கு கியூஆர் அட்டை காட்டி வரிசையில் நின்ற இளைஞர்களுக்கு நாங்கள் மண்ணெண்ணெய் வித்தையைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தோம். மண்ணெண்ணெயும் இல்லை என்றார்கள். தொண்ணூறுகளில் எங்களுக்கு மட்டும் நடந்த வகுப்புக்கு இந்தமுறை முழு இலங்கையும் வந்திருந்தது.

2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் காசில்லை என்று நின்றது. மார்ச் 19உடன் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. உரிமை மீறப்பட்டதாக எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அதுவரை உணரவில்லை என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் குரற்பதிவு நிற்கவில்லை. சபை இல்லை, பதவி இல்லை, கொடுப்பனவு இல்லை. பிள்ளை மட்டும் விடிய ஆறரைக்கு, "அன்பான உறவுகளே" என்று வந்துகொண்டே இருந்தா. கடிதம் செயலாளரிடம் இருக்கிறது, பதில் வரவில்லை, நினைவூட்டியிருக்கிறோம். சபை இருந்த காலத்துச் செய்திக்கும் இல்லாத காலத்துச் செய்திக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்சநாள் எடுத்தது.

ஒருநாள் கேட்டேன். "பிள்ளை, இப்ப நீ மெம்பரில்லைத்தானே. ஏன் இந்தக் கரைச்சல்?"

"விளக்கு எரியாட்டில் எனக்குத்தான் மாமா ரெலிபோன் எடுக்கினம். மெம்பரில்லை எண்டு சொன்னால், அப்ப ஆர் மெம்பர் எண்டு கேக்கினம். அதுக்கு என்னட்டைப் பதிலில்லை."

2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. திரும்பவும் வந்தா. ஜூனில் சபை கூடியது. மதகு திரும்பவும் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. இந்தமுறை தண்ணீர் மதகுக்காகப் பொறுத்திருக்கவில்லை. பரந்தன் - முல்லைத்தீவு ஏ-35 வீதியில் பாலமே போய்விட்டது. இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி பெய்லி பாலத்தை விமானத்தில் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் அதில் வாகனம் ஓடியது. நான் போய்ப் பார்த்தேன். நல்ல வேலை. கடல்கடந்து வந்த இரும்பு ஒரு மாதத்துக்குள் நிற்கிறது. எங்களுக்கு வேண்டியது மூன்றடி விட்டத்தில் இரண்டு கொங்கிறீற்றுக் குழாய். அவை உள்ளூரிலேயே கிடைக்கும், பிரச்சினை அதுதான் போலிருக்கிறது.

தண்ணீர் நின்ற அந்த நாட்களில் பிள்ளை ஸ்கூட்டியைக் கோயிலடியில் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் ஒழுங்கை முழுக்க நடந்தா. ஆச்சி படியில் குந்தியிருந்தபடி கையை நீட்டி நீட்டிக் காட்டினா: இதாலை வருது, இதிலை முட்டுது, இந்த மூலையாலை போகப் பாக்குது. அந்தப் பழைய கலண்டர் தாளில் பிள்ளை அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தா. அந்த வெள்ளைவேட்டி மெம்பருக்குப் பிறகு இந்த ஒழுங்கையில் "எங்கை உடைக்குது?" என்ற கேள்வியோடு நடந்த ஆள் இவதான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இவ தாளைக் கொண்டுபோய்ச் சபையில் வைத்து, வீதி முன்மொழிவு ஒவ்வொன்றோடும் தண்ணீர் போகும் பாதையையும் ஊரவரிடம் கேட்டுக் குறிக்கவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தா. எதிர்த்து ஒருவரும் பேசவில்லையாம். ஏகமனதாக நிறைவேறியதாம்.

தை பிறந்து பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். அதே வடை, அதே சோடா. ரி.ஓ. வேறு பெடியன். பிள்ளை எழும்பி நின்று சந்தோசத்தோடு அறிவித்தா: இனிமேல் வடிகால் பற்றிய கருத்துகள் ஏனைய விடயங்களுக்குள் போகாது. அதற்கென்று தனிப் படிவம் வருகிறது. மாதிரிப் படிவம் தயாரித்து அனுமதிக்கு அனுப்பியிருக்கிறது, அனுமதி வந்ததும் அச்சுக்குப் போகும், அச்சுச் செலவுக்கான ஒதுக்கீட்டையும் கேட்டிருக்கிறது.

கைதட்டினோம். பின்வரிசையில் ஆச்சி கையை உயர்த்தினா.

"அச்சடிக்கிறது வாற மாரிக்கு முதலோ, பிறகோ பிள்ளை?"